அபவுட் படுத்தும் பாடு

தமிழில் 'போடு' என்கிற ஒரே ஒரு வினைச்சொல்லைக் கற்றுக்கொண்டு ஒரு வெளியூர் ஆசாமி சென்னையில் வந்து இறங்கினால் போதும், பிழைத்துக்கொள்வார். காலையில் காபி போடலாம். வாசலில் கோலம் போடலாம். சட்டை போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போடலாம். மேனேஜருக்கு சோப்புப் போடலாம். அவர் மசியாவிட்டால் சண்டை போடலாம். சண்டை முற்றினால் லீவு போடலாம். லீவில் நன்றாக ஒரு தூக்கம் போடலாம். கைமாற்று வாங்கியவர் என்றால், கொடுத்தவருக்குப் பட்டை நாமமும் போடலாம்.

இத்தனையில் எதையாவது உண்மையிலேயே தூக்கிக் கீழே போட்டோமா? இல்லை. காபியைப் போட்டால் டம்ளர்தான் உடையும்.

சரி, காபி போடலாம் என்றால் சாம்பாரையும் போடலாமா? கூடாது. சாம்பார் 'வைக்க' வேண்டும். தோசை 'வார்க்க' வேண்டும். சாதம் 'வடிக்க' வேண்டும். வடை 'சுட' வேண்டும், அது எண்ணெயில் முங்கிக் கிடந்தாலும்! இதற்கெல்லாம் எந்த வாத்தியார் நமக்கு ரூல் சொல்லிக்கொடுத்தார்? ஒருத்தரும் இல்லை. அம்மா சொன்னாள், பாட்டி சொன்னாள், காதில் விழுந்தது, ஒட்டிக்கொண்டது. ஏன் இப்படி என்று நாம் கேட்டதும் இல்லை; கேட்டிருந்தால் முதுகில் ஒன்று போட்டிருப்பார்கள்.

இதே கூத்து இங்கிலீஷிலும் உண்டு. அங்கே நாம் அம்மா மடியில் கற்காமல் வாத்தியாரின் பிரம்புக்குக் கீழே கற்றதால், கூத்தாகத் தெரியாமல் குற்றமாகத் தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர் காபியை 'மேக்' பண்ணுகிறார். சத்தத்தையும் 'மேக்'தான். தப்பையும் 'மேக்', பணத்தையும் 'மேக்', போன் காலையும் 'மேக்'. படுக்கையைக்கூட 'மேக்' பண்ணுகிறார். தச்சுப் பட்டறை வைத்து அல்ல, போர்வையை மடித்து! ஆனால் ஹோம்வொர்க்கை மட்டும் 'மேக்' பண்ண மாட்டார். அதை 'டூ' பண்ணுவார். பாத்திரம் கழுவுவதும் 'டூ', துணி துவைப்பதும் 'டூ', யாருக்காவது உபகாரம் செய்தாலும் 'டூ'. எதற்கு 'மேக்', எதற்கு 'டூ'? புதிதாக உண்டாக்கினால் 'மேக்', இருக்கிற வேலையைச் செய்தால் 'டூ' என்று சில புத்தகங்கள் ஒரு ரூல் போடும். பாதி தூரம் வரைக்கும் அந்த ரூல் கூட வரும். அப்புறம் 'நீங்க போங்க சார், நான் வரலை' என்று நின்றுவிடும்.

கவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் கவனம் 'செலுத்துகிறோம்'. இங்கிலீஷில் 'பே அட்டென்ஷன்'. கவனத்துக்குச் சம்பளம் மாதிரி பட்டுவாடா! ஜலதோஷம் இன்னும் தமாஷ். இரண்டு மொழியிலும் 'பிடி'தான். ஆனால் அங்கே ஆசாமி போய் சளியைப் பிடிக்கிறார். இங்கே சளி வந்து ஆசாமியைப் பிடிக்கிறது. எனக்கென்னவோ இந்த விஷயத்தில் நம் கட்சிதான் சரி என்று தோன்றுகிறது. யாராவது வேலை மெனக்கெட்டுப் போய் சளியைப் பிடிப்பார்களா?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது பரீட்சைதான். நாம் பரீட்சை 'எழுதுகிறோம்'. இந்திக்காரர்கள் பரீட்சை 'கொடுக்கிறார்கள்'. அதனால்தான் வடக்கத்தி சிநேகிதர்கள் இங்கிலீஷில் பேசும்போதும் 'ஐ கேவ் தி எக்ஸாம்' என்பார்கள். அமெரிக்காவில் மாணவன் 'டேக்' பண்ணுவான், அதாவது எடுத்துக்கொள்வான். அங்கே பரீட்சையைக் கொடுப்பவர் வாத்தியார். பிரிட்டனில் பரீட்சைக்கு 'உட்காருவார்கள்', 'சிட்' என்று. பிரான்ஸில் இருக்கிறது இன்னொரு வேடிக்கை. அங்கே பரீட்சையை 'பாஸே' பண்ணினேன் என்றால் எழுதினேன் என்றுதான் அர்த்தம். பாஸானதாக நினைத்து ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரும் அதே காரியம், ஊருக்கு ஊர் வேறு வினைச்சொல்! இதில் யார் சரி, யார் தப்பு?

இதுவரை பார்த்தது ஜோடிப் பொருத்தம்தான். அடுத்தது வால் சமாசாரம்.

வினைச்சொல்லுக்குப் பின்னால் 'ஆன்', 'ஆஃப்', 'அவுட்', 'அப்' என்று ஒரு குட்டி வார்த்தை வாலாக ஒட்டிக்கொள்ளும். வால் மாறினால் ஆளே மாறிவிடும். 'புட் ஆன்' என்றால் சட்டை மாட்டிக்கொள்வது. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. 'புட் அவுட்' என்றால் தீயை அணைப்பது. 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. நம் ஊர் ஆபீஸ்களில் தனியாக ஒரு 'புட் அப்' உண்டு, ஃபைலை மேலதிகாரிக்கு அனுப்புவது. ஃபைலைப் புட் அப் செய்தால் அவர் புட் ஆஃப் செய்வார், அதை நாம் புட் அப் வித் செய்ய வேண்டும். உத்தியோகம் என்பது இவ்வளவுதான்.

இந்த வால்கள் நம்மை மட்டும் படுத்தவில்லை. இங்கிலீஷுக்குப் பெரிய அகராதி போட்ட டாக்டர் சாமுவேல் ஜான்சனே 1755-ல் தன் முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்: வினைச்சொல்லுக்குப் பின்னால் குட்டி வார்த்தையைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றும் வழக்கம்தான் அந்நியர்களுக்குப் பெரிய கஷ்டம் என்று. அப்போதே தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு! அதற்கப்புறம் கஷ்டம் கூடியதே தவிர குறையவில்லை. 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியில் மிக நீளமான இடத்தைப் பிடித்த வார்த்தை 'செட்'. பிற்பாடு திருத்திக்கொண்டே வந்ததில் 'ரன்' முந்திவிட்டது. அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்கள். சும்மா 'ஓடு' என்றுதானே ஐந்தாம் வகுப்பில் படித்தோம்!

இதைப் படித்துவிட்டு, 'நல்லவேளை, தமிழில் இந்த வம்பெல்லாம் இல்லை' என்று யாராவது பெருமூச்சு விட்டால் அவருக்கு ஒரு சின்ன டெஸ்ட். 'சொல்' என்கிற ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடு என்றால் கற்றுக்கொடு. சொல்லிப்பார் என்றால் முயற்சி பண்ணு, கேட்டால் கேட்கட்டும். சொல்லிவை என்றால் பின்னால் உதவும்படி முன்கூட்டியே தெரிவி. சொல்லிவிடு என்றால் மறைக்காதே. சொல்லித்தொலை என்றால் என் பொறுமை போய்விட்டது. சொல்லிக்கொண்டு போ என்றால் விடைபெற்றுக்கொண்டு போ. சொல்லிக்காட்டு... இதற்கு நான் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் செய்த செலவைப் பற்றி வீட்டில் எப்போதாவது பேச்சு வந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு வெள்ளைக்காரர் தமிழ் கற்க வந்து, சொல்லிக்கொடு என்றால் 'சொல்லிவிட்டு எதைக் கொடுக்க வேண்டும்?' என்று கேட்டால் நாம் சிரிப்போமா? சிரிப்போம். ஆனால் அதற்காக அவரை முட்டாள் என்போமா? 'அடடா, தமிழ் கத்துக்கிறாரே!' என்று மோர் கொடுப்போம். அதே சலுகையை நம் ஆளுக்கு நாம் கொடுப்பதில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்க ஆரம்பிக்கும் முன்னால், பி.காம். படித்த பாவத்துக்கு, ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி நண்பர் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம், அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். கணக்கில் புலி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து நாங்கள் எல்லாரும் திருதிருவென்று விழித்தபோது, சட்டத்தையே வரி வரியாகப் படித்துவிட்டு வந்து எங்களுக்கு விளக்கியவர் அவர்தான்.

மறு வருஷம் ஒரு மீட்டிங். ஏதோ ஒரு பாக்கி சரியாக வரவில்லை. நண்பர் எழுந்து, "சார், வீ ஷுட் டிஸ்கஸ் அபவுட் திஸ்" என்று ஆரம்பித்தார். மேலதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அவரும் நம்ம ஊர்க்காரர்தான், வெள்ளைக்காரர் இல்லை.

"டிஸ்கஸ்னாலே டாக் அபவுட்தான். அதுக்கு மேல எதுக்கு இன்னொரு அபவுட்? ரெண்டு அபவுட் போட்டா நமக்கு இன்சென்டிவ் ஏதாவது உண்டா?"

மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார். உட்கார்ந்துவிட்டார். பாக்கியைப் பற்றி, அபவுட்டோடோ அபவுட் இல்லாமலோ, அன்றைக்கு யாரும் பேசவில்லை.

அதற்கப்புறம் அவர் மீட்டிங்கில் வாயைத் திறந்து நான் பார்க்கவில்லை. வருவார், நோட்டில் எழுதுவார், போவார். சில மாதம் கழித்து ஒரு சப்ளையர் ரிட்டர்ன் போடாமல் டிமிக்கி கொடுப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஆள் கட்டாத வரிக்கு எங்கள் கம்பெனி கிரெடிட் எடுத்துக்கொண்டிருந்தது. "எனி அதர் பாயின்ட்ஸ்?" என்று மேலதிகாரி கேட்டபோது நண்பர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் துறையிலிருந்து நோட்டீஸாகத் திரும்பி வந்தது. வரியை வட்டியோடு கட்டினார்கள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே? ஒரு மெயிலாவது போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

டிராஃப்ட்டில் இருந்ததைத் திறந்து காட்டினார். மூன்று மெயில்கள். மூன்றும் ஒரே விஷயம். ஒன்றில் 'ப்ரிங் டு யுவர் நோட்டீஸ்'. ஒன்றில் 'ப்ரிங் இன் யுவர் நோட்டீஸ்'. மூன்றாவதில் அந்த வரியே இல்லை, "டியர் சார்" என்று மட்டும் இருந்தது.

"எது சரின்னு தெரியலப்பா. தப்பா அனுப்பிட்டா அதை வேற ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டுவாங்க."

(முதலாவதுதான் சரி. அதைத்தான் அவர் முதலில் எழுதியிருந்தார்.)

ஒரு துக்கடா இடைச்சொல்லால் ஒரு கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. அந்த மேலதிகாரி மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. இங்கிலீஷில் சொன்னால் அவர் 'மேல்' கோபம் இல்லை, அவர் 'வித்' கோபம்! கோபத்தைக்கூட அவரோடு கூட்டுச் சேர்ந்துதான் படவேண்டும் போலிருக்கிறது.

அந்த 'அபவுட்' எங்கிருந்து வந்தது என்று பிறகு நான் நிறையப் புரட்டிப் பார்த்தேன். அறியாமையிலிருந்து வரவில்லை சார், தர்க்கத்திலிருந்து வந்திருக்கிறது! 'டிஸ்கஷன்' என்கிற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' போடலாம், கோயில் கட்டிக் கும்பிடலாம். வினைச்சொல்லான 'டிஸ்கஸ்'ஸுக்குத்தான் ஆகாது. இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தப்பு. 'எ டிமாண்ட் ஃபார் போனஸ்' சரி. 'வீ டிமாண்ட் ஃபார் போனஸ்' தப்பு. 'எம்ஃபஸிஸ் ஆன்' சரி. 'எம்ஃபஸைஸ் ஆன்' தப்பு. பெயர்ச்சொல் கட்டிக்கொண்டு வந்த சீதனத்தை வினைச்சொல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நம் ஆள் நியாயஸ்தன்; அண்ணனுக்கு உண்டென்றால் தம்பிக்கும் உண்டு என்று கொடுத்துவிடுகிறான். போதாததற்கு, தமிழிலும் 'அதைப் பற்றி' விவாதிக்கிறோம். இரண்டு பக்கமும் சாட்சி இருக்கும்போது அவன் 'அபவுட்' போடாமல் என்ன செய்வான்?

இடைச்சொல்லின் ஜாதகம் அவர்கள் வீட்டிலேயே ஒன்றாக இல்லை என்பது இன்னொரு கூத்து. விண்ணப்பப் படிவத்தை பிரிட்டனில் 'ஃபில் இன்' பண்ணுவார்கள். அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே, படிவம் ஒன்றுதான்! பிரிட்டிஷ்காரர் எதையாவது எதிர்த்தால் 'ப்ரொடெஸ்ட் அகெய்ன்ஸ்ட்' என்பார். அமெரிக்கர் 'அகெய்ன்ஸ்ட்'டைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் 'ப்ரொடெஸ்ட்'டோடு நிறுத்துவார். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் நாற்காலியில் உட்காரவைத்துச் சிரிப்பதாகத் தெரியவில்லை. நாம் புழக்கத்தில் விட்ட 'ப்ரீபோன்' இன்றைக்கு அவர்கள் அகராதியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. தள்ளிப்போட ஒரு வார்த்தை இருக்கும்போது முன்னால் இழுக்க ஒன்று வேண்டாமா? அவர்களிடம் அது நிலைக்கவில்லை, நம்மிடம் நிலைத்தது. பயோடேட்டாவில் 'பாஸ்டு அவுட் இன் 2009' என்று எழுதுவதை மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்யலாம். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் அதைப் படித்தால், 'அப்படியா? மயக்கம் எப்போது தெளிந்தது?' என்று கேட்கக்கூடும்.

அப்படியானால் இதைக் கற்றுக்கொள்ள என்ன வழி? ரயில்வே பிளாட்பாரத்தில் விற்கும் 'முப்பது நாளில் இங்கிலீஷ்' புத்தகங்களில் கிடைக்காது. நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கும் ரென் அண்ட் மார்ட்டினைக் கரைத்துக் குடித்தாலும் இலக்கணம் வருமே தவிர, எந்த வார்த்தை யாரோடு குடித்தனம் செய்கிறது என்பது முழுசாக வராது. ஏனென்றால் அது ரூல் இல்லை, பழக்கம். இதை முதலில் கவனித்து வேலை செய்தவர்களில் பலர் இங்கிலாந்தை விட்டு வெளியே வந்து பாடம் நடத்தியவர்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சேதி. ஹெரால்ட் பாமர் என்பவர் ஜப்பானில் உட்கார்ந்து இந்த ஜோடிகளைச் சேகரித்து 1933-ல் வெளியிட்டார். நம் அலமாரிகளில் இருக்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியின் முதல் வடிவம் லண்டனில் அச்சாகவில்லை. 1942-ல் டோக்கியோவில் அச்சானது. அதைத் தயாரித்த ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானியப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பின்னால் என்ன வரும் என்று அவர் போட்டுவைத்ததற்குக் காரணம், அந்தப் பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுந்தார்கள். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அடையாளம் காண முடியும் என்று 1957-ல் எழுதிய ஜே.ஆர். ஃபர்த், அதற்கு முன்னால் லாகூரில் பல வருஷம் புரொஃபசராக இருந்தவர். உள்ளூர்க்காரனுக்குத் தன் வீட்டுத் தூண் கண்ணில் படாது. விருந்தாளிதான் இடித்துக்கொள்வான். இடித்துக்கொள்கிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தூண் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

நண்பருக்கு நான் சொன்ன யோசனை, காமர்ஸ்காரன் புத்தியில் வந்தது. வார்த்தையைத் தனியாக எழுதிவைக்காதீர்கள், டபுள் என்ட்ரி போடுங்கள்! ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் இருக்கிற மாதிரி, வினைச்சொல்லை எழுதினால் அதே வரியில் அதன் ஜோடியையும் எழுத வேண்டும். 'ஃபைல்' என்றால் 'எ ரிட்டர்ன்'. 'ரெய்ஸ்' என்றால் 'ஆன் இன்வாய்ஸ்'. 'மீட்' என்றால் 'எ டெட்லைன்'. 'டிஸ்கஸ்' என்றால் நேராக 'தி இஷ்யூ', நடுவில் புரோக்கர் கிடையாது. 'அக்கவுண்ட்' என்றால் 'ஃபார்', 'கம்ப்ளை' என்றால் 'வித்'. நம் வேலைக்கு வேண்டியது எல்லாம் சேர்ந்து முந்நூறு, நானூறு ஜோடிதான் தேறும். 645 அர்த்தமெல்லாம் ஆக்ஸ்போர்டுக்காரர் பாடு. மனுஷன் ஒரு பழைய லெட்ஜரில் பத்தி பிரித்து எழுத ஆரம்பித்தார். ஒரு வருஷத்தில் பாதி நோட்டு ஓடிவிட்டது. சந்தேகமான ஜோடிகளை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று தனித் தலைப்பில் வைத்திருந்தார். அது எனக்குத் தோன்றாத யோசனை.

அப்புறம் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். இப்போது அங்கே அக்கவுண்ட்ஸ் முழுக்க அவர் கையில். அவருக்குக் கீழே ஏழெட்டுப் பையன்கள். மீட்டிங்கையும் அவரே நடத்துகிறார், தமிழும் இங்கிலீஷுமாக. பையன்கள் 'டிஸ்கஸ் அபவுட்' என்றால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் போனில் கேட்டேன்.

"என்ன செய்றது? டிஸ்கஸ் பண்ணுவேன்" என்றார். "முடிச்சதும் அவனைத் தனியாக் கூப்பிட்டு லெட்ஜரைக் காட்டுவேன். சரி அதை விடுப்பா, நாளைக்கு ஆடிட்டர் வர்றார். அவருக்கு ஒரு மெயில் போடணும். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்'டா, 'டு மீட்டிங்'கா? சஸ்பென்ஸ்லயே கிடக்கு!"